அம்மாள் வந்தவருக்கு ஒரு ஊசி, வராதவருக்கு வேறொன்று

ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகள் போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி போட்டிருந்தாள். "சின்னம்மா, இஞ்ச அம்மாவுக்கு ஷிங்கிள்ஸ் ஊசி போட்டாச்சு. 65க்கும் 70க்கும் இடையில எண்டா ஒன்ராறியோவில காசு இல்லை. 50 தாண்டின எல்லாரும் போடவேணும் எண்டுதான் டொக்டர் சொல்லுறார். அப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் உங்களுக்கும் போடுங்கோ. காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, நான் அனுப்புறன்."

பிள்ளை ஒன்று காசு அனுப்புகிறேன் என்றால் முள்ளியவளையில் வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. எங்கள் வளவில் 82 வயது அம்மா, 59 வயது நான். பக்கத்து வளவில் 67 வயது அத்தான். அக்காவோடு கனடாவுக்குப் போகாமல், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இருக்கிற மூன்று ஏக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற மனிசன். மூன்று கிழமையாகக் கேட்டு, வாசித்து, கொஞ்சம் சண்டையும் பிடித்து முடித்தபோது மூன்று பேருக்கும் மூன்று விடை வந்தது. நான் டொக்டர் இல்லை, இன்னும் ஒரு வருடத்தில் பென்சனுக்குப் போகிற விஞ்ஞான ரீச்சர். இதை வாசித்துவிட்டு உங்கள் கிளினிக் கொப்பியையும் தூக்கிக்கொண்டு உங்கள் டொக்டரிடம் போவதுதான் சரி. ஆனால் அங்கே என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் வருத்தங்களின் பெயர். கொப்புளிப்பான் (சிக்கன்பொக்ஸ், ஊர்ப்பேச்சில் அம்மாள்) என்று நாங்கள் சொல்வதும், அக்கி என்று சொல்வதும் (கனடாவில் ஷிங்கிள்ஸ், கிளினிக்கில் ஹேர்பிஸ் சொஸ்டர் என்று எழுதுவார்கள்) ஒரே கிருமியின் வேலை. வரிசெல்லா சொஸ்டர் என்ற வைரஸ் முதன்முறை உடம்புக்குள் வந்தால் அது கொப்புளிப்பான். கொப்புளம் காய்ந்து, வேப்பிலைத் தண்ணி வார்த்து, எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைக்கிறபோது அந்த வைரஸ் வெளியே போவதில்லை. முள்ளந்தண்டின் ஓரமாக இருக்கிற நரம்பு முடிச்சுகளுக்குள் படுத்துக்கொள்கிறது. 40, 50 வருடம் கழித்து ஒரு நரம்பில் மட்டும் எழும்பி, அந்த நரம்பு போகிற வழியில் ஒரு பக்கமாகக் கொப்புளம் போட்டால் அது அக்கி. அதனால் அக்கி ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிற வருத்தம் இல்லை, அவரவர் உடம்பில் இருந்தே வருவது. அக்கி வந்தவரின் கொப்புளத் தண்ணி, கொப்புளிப்பான் வராத ஒருவரில் பட்டால் அவருக்கு வருவது கொப்புளிப்பான்.

நோயெதிர்ப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே அது இரண்டு வேலை. ஒருமுறை கொப்புளிப்பான் வந்தவரின் இரத்தத்தில் பிறபொருளெதிரி (அன்ரிபொடி) பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும், அதனால் இரண்டாம் முறை கொப்புளிப்பான் வருவது அரிது. ஆனால் நரம்புக்குள் படுத்திருப்பதை அடக்கி வைப்பது பிறபொருளெதிரி அல்ல, ரி கலங்கள் என்கிற வெண்குருதிக் கலங்கள். வயது போகப் போகத் தளர்வது அந்தக் காவல்தான். சீனி வருத்தம், புற்றுநோய் மருந்து, நீண்ட காலம் எடுக்கிற ஸ்டீரோய்ட் எல்லாம் அதை இன்னும் தளர்த்தும். "எனக்குச் சின்னனில வந்தது, இனி வராது" என்று அம்மா சொன்னது கொப்புளிப்பானுக்குச் சரி, அக்கிக்குத் தலைகீழ். சின்னனில் வந்தபடியால்தான் இப்போது அக்கி வரலாம்.

கனடா டொக்டர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. குளிர் நாடுகளில் ஊசி வருவதற்கு முந்திய தலைமுறையில் ஏறக்குறைய எல்லோருக்கும் பள்ளிக்கூடம் முடிவதற்குள் கொப்புளிப்பான் வந்து போயிருக்கும். அமெரிக்காவில் 1980க்கு முன் பிறந்தவரை, வந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அங்கே 50 தாண்டியவரிடம் யாரும் இரத்தப் பரிசோதனை கேட்பதில்லை, நேரே அக்கி ஊசி. எங்களைப் போன்ற வெப்ப நாடுகளில் கதை வேறு. இங்கே கொப்புளிப்பான் பிந்தி வருகிறது. வளர்ந்தவர்களில் கணிசமானவர்கள் அது வராமலே நடமாடுகிறார்கள். வன்னியில் 40 வயதுக்காரர் அம்மாள் வந்து கிடந்தார் என்பது யாருக்கும் புதுக்கதை இல்லை, ரொறன்ரோவில் அது அதிசயம். அந்த ஊர் ஆலோசனையை அப்படியே இங்கே இறக்கினால், கொப்புளிப்பானே வராத ஒருவருக்கு அக்கி ஊசி போட்டுவிட்டு, அவர் உண்மையில் பயப்பட வேண்டிய கொப்புளிப்பானுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டிருப்போம். அக்கி ஊசி கொப்புளிப்பானைத் தடுக்கிறதற்குரியது அல்ல.

ஆகவே எந்த ஊசி என்று கேட்க முதல், வந்ததா வரவில்லையா என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் விடை எடுக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

"அம்மாள் வந்தது" என்பது ஒரு விடை அல்ல. எங்கள் சனம் கொப்புளிப்பானையும் அம்மாள் என்னும், சின்னமுத்தையும் (மீசில்ஸ்) அம்மாள் என்னும், பழைய ஆட்கள் பெரியம்மையையும் அதே பெயரில்தான் சொல்வார்கள். அதனால் அம்மாவிடம் பெயரைக் கேட்காமல் அடையாளத்தைக் கேட்டேன். தண்ணி கோத்த கொப்புளமா? ஒரே நேரத்தில் புதுசும் பழுத்ததும் காய்ந்ததும் கலந்து இருந்ததா? நெஞ்சிலும் முதுகிலும் கூடவா? கடித்ததா?

"ஓம் பிள்ளை, தலைக்குள்ளயும் வந்தது. சொறியக் கூடாதெண்டு அப்பு கையைத் துணியால சுத்தி விட்டவர். ஆத்தை வற்றாப்பளைக் கண்ணகைக்கு நேர்த்தி வைச்சு, மாறினாப் பிறகு பொங்கலுக்கு நடந்து கூட்டிக்கொண்டு போனவ." நெற்றியோரம் ஒரு சின்னப் பள்ளமும் காட்டினா. இது கொப்புளிப்பான்தான், சந்தேகமில்லை.

"உனக்கும் வந்தது" என்றா அடுத்ததாக. 59 வருடமாக நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். எப்படி வந்தது என்று கேட்டேன். "கண் சிவந்து, மூக்கால ஓடி, ஒரே இருமல். பிறகு முகத்தில இருந்து கீழ சிவப்பாத் தூவினமாதிரி." தண்ணி கோத்ததா? "இல்லை, அது சும்மா சிவப்பு." அம்மா சொன்னது அச்சொட்டாகச் சின்னமுத்து. கொப்புளிப்பான் தம்பிக்கு வந்தபோது என்னை ஒட்டுசுட்டானில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி விட்டார்களாம். அரை நூற்றாண்டாக நான் சுமந்த நோயெதிர்ப்பு ஒரு பின்னேரத் தேத்தண்ணியோடு போய்விட்டது.

அத்தானின் கதைக்குச் சாட்சி தேவையில்லை. 2009இல், போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் ஃபாமில் கொப்புளிப்பான் பரவியபோது அவருக்கு 51 வயது. அவர் இராமநாதன் முகாமில், நாங்கள் அருணாசலத்தில். ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் மூன்று குடும்பம் இருந்த இடத்தில் வேப்பிலை எங்கே கட்டுவது, யாரை எங்கே தள்ளி வைப்பது? முதலில் பிள்ளைகளுக்கு வந்து பிறகு பெரியவர்களுக்கு வந்தது. அத்தான் 12 நாள் எழும்பவில்லை, இருமல் வேறு. வளர்ந்தவருக்கு வருகிற கொப்புளிப்பான் பிள்ளைகளுக்கு வருகிறது போல விளையாட்டு இல்லை. நுரையீரலுக்குப் போய் நியூமோனியா ஆகலாம், புகைக்கிறவருக்கும் கர்ப்பிணிக்கும் ஆபத்து இன்னும் கூட. வேலி தாண்டினால் நாங்களும் அவர்களும். எனக்கு ஏன் வரவில்லை என்று அப்போது யோசிக்க நேரமில்லை. வந்து முடிந்த ஆள் என்றுதானே நினைத்திருந்தேன்.

இங்கே ஒரு சொல் ஊர்ப் பழக்கத்துக்காக. வாசலில் வேப்பிலை கட்டினால் வெளியாட்கள் வராமல் இருப்பதும், கொப்புளம் காய்ந்து உதிரும்வரை ஆளைத் தனியே வைப்பதும் வைத்தியப் புத்தகம் சொல்கிற அதே தனிமைப்படுத்தல்தான். ஓட்டை ஒன்று இருக்கிறது: கொப்புளம் தெரிய ஒன்றிரண்டு நாளுக்கு முந்தியே தொற்றத் தொடங்கிவிடும், வேப்பிலை கட்டுகிற நேரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டிருக்கும். கெடுதலாவது ஒன்றுதான், மருந்து எடுத்தால் அம்மாள் கோவிப்பா என்பது. பிள்ளைக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. வளர்ந்தவருக்குக் கொப்புளம் தெரிந்து 24 மணித்தியாலத்துக்குள் அசைக்குளோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்கினால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும். நேர்த்தியையும் வையுங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள். கண்ணகைக்கு இதில் கோபம் வர ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இனி வழிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது, வந்தால் பார்ப்பது. பெரும்பாலான வீடுகளில் யோசிக்காமலே எடுக்கிற முடிவு இது. முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆயுளில் மூன்று பேரில் ஒருவருக்கு அக்கி வரும் என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது, மற்ற இரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். ஆனால் "வந்தால் பார்ப்போம்" என்பதற்கு ஒரு கெடு உண்டு. கொப்புளம் தெரிந்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கவேண்டும். அசைக்குளோவிர் என்றால் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து தரம், ஏழு நாள். வலாசைக்குளோவிர் என்றால் மூன்று தரம் போதும். மருந்து இருக்கிறது, நேரம்தான் இருப்பதில்லை. எங்கள் பெரியம்மாவின் கதையைப் பாருங்கள். முதலில் வலது பக்க விலாவில் நெருப்பு வைத்த மாதிரி நோ. தோலில் ஒன்றும் இல்லை, காஸ்ற்றிக் என்று ஒரு பாமசியில் குளிசை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் கொப்புளம் தெரிந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். சர்ப்பம் சுற்றுது, தலையும் வாலும் முட்டினால் ஆள் தப்பாது என்று பக்கத்து வீட்டு ஆச்சி பயப்படுத்தினா. (அது முட்டாது. ஒரு நரம்பு உடம்பின் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் போகிறது, நடுக்கோட்டில் நின்றுவிடும்.) ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கொப்புளம் வந்த ஆறாம் நாள். கொப்புளம் இரண்டு கிழமையில் காய்ந்தது. நோ ஒன்றரை வருடம் இருந்தது. சட்டைத் துணி பட்டாலே கத்துவா, இரவில் குந்தியிருந்தபடி விசிறிக்கொண்டிருப்பா. அமிற்றிப்ற்றிலின் என்ற நரம்பு நோக் குளிசை கொடுத்துத்தான் கொஞ்சம் தணிந்தது. அக்கி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இப்படி நரம்பு நோ தங்கிவிடுகிறது, வயது கூடக் கூடத் தங்குகிற வாய்ப்பும் கூடும். ஊசியைப் பற்றி யோசிக்கச் சொல்வது கொப்புளத்துக்காக இல்லை, அந்த ஒன்றரை வருடத்துக்காக.

பேரப்பிள்ளைகளோடு இருந்தால் தானாகவே எதிர்ப்பு ஊறும் என்று ஒரு பேச்சு உண்டு, அதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. இங்கிலாந்தில் சிரென்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப வைத்தியராக இருந்த ஹோப் சிம்சன், தன்னிடம் வந்த நோயாளிகளையும் ஷெட்லாந்தில் தனித்துக் கிடந்த யெல் தீவு மக்களையும் வருடக்கணக்காகக் கவனித்து 1965இல் இதை எழுதினார். அக்கி உள்ளிருந்து எழும்புவது என்றும், கொப்புளிப்பான் வந்த பிள்ளையோடு பழகும்போதெல்லாம் பெரியவரின் காவல் புதுப்பிக்கப்படுகிறது என்றும். பின்னால் பிரித்தானியாவில் செய்த பெரிய ஆய்வில், வீட்டில் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்து இரண்டு வருடத்துக்குள் பெரியவருக்கு அக்கி வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நல்லதுதான். ஆனால் பேரனுக்கு வருத்தம் வரட்டும் என்று காத்திருப்பது ஒரு திட்டமா? அதோடு, என்னைப் போல வராத ஆளாக இருந்தால் அந்தப் பேரனே ஆபத்து.

பழைய அக்கி ஊசி, சொஸ்டாவக்ஸ். ஜப்பானில் தக்காஹாஷி 1974இல் உருவாக்கிய கொப்புளிப்பான் ஊசியின் அதே பலவீனப்படுத்திய வைரஸ், ஏறத்தாழ 14 மடங்கு கூட. 2006இல் வந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட 38,000 பேருக்கு மேல் சோதித்ததில் அக்கியைப் பாதியாகக் குறைத்தது. உயிருள்ள ஊசி என்பதால் எதிர்ப்பு மிகக் குறைந்தவர்களுக்கு, அதாவது மிகத் தேவையானவர்களுக்கே, போட முடியாது. 2020இல் அமெரிக்காவில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். வேல்ஸில் இதே ஊசி போட்டவர்களில் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாக 2025இல் ஒரு ஆய்வு வந்தது, பெறாமகள் அதையும் அனுப்பியிருந்தாள். கேட்கச் சந்தோசம். அதற்காக மட்டும் ஊசி போடச் சொல்ல மாட்டேன்.

புதிய ஊசி, ஷிங்ரிக்ஸ். அக்கா போட்டது இதுதான். இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதமும், உடம்பை உசுப்பிவிட ஒரு துணைப்பொருளும். அந்தத் துணைப்பொருளில் ஒரு பகுதி சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையில் இருந்து எடுப்பது. சவர்க்கார மரம் என்றே அதற்குப் பெயர், எங்கள் ஊர்ப் பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்குமாம். 50 தாண்டியவர்களில் அக்கியை 97 வீதம் தடுத்தது, 70 தாண்டியவர்களில் ஏறத்தாழ 90 வீதம். மற்ற ஊசிகள் வயதானவரில் பிடிப்பது குறையும், இது அவ்வளவாகக் குறையவில்லை என்பதுதான் பெரிய விஷயம். பத்து வருடம் கடந்தும் பாதுகாப்பின் பெரும்பகுதி நிற்கிறது. உயிர் இல்லாததால் சிறுநீரக வருத்தக்காரர், ஸ்டீரோய்ட் எடுப்பவர், புற்றுநோய்க்காரர் யாரும் போடலாம். ஒருமுறை அக்கி வந்தவரும், கொப்புளம் ஆறிய பிறகு போடலாம்.

குறையையும் சொல்லவேண்டும். இரண்டு ஊசி, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். கை நன்றாக நோகும், ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு உளைவும் வரும். அக்காவுக்கு இரண்டாவதுக்குப் பிறகு ஒரு நாள் படுக்கை. மிக அரிதாக கில்லன் பாரே என்ற நரம்புத் தளர்ச்சி பற்றி 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை சேர்த்தது. அதோடு விலை.

கடைசியாக, கொப்புளிப்பான் ஊசி. வராத வளர்ந்தவருக்கு இதுதான். நாலு முதல் எட்டுக் கிழமை இடைவெளியில் இரண்டு. ஒன்றோடு நின்றால் நூற்றுக்கு 78 பேருக்குத்தான் எதிர்ப்பு வருகிறது, இரண்டும் போட்டால் 99 பேருக்கு. உயிருள்ள ஊசி, ஆகவே கர்ப்பிணிக்கும் எதிர்ப்பு மிகக் குறைந்தவருக்கும் கூடாது. தினம் 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசொலோன் (ஒரு ஸ்டீரோய்ட்) இரண்டு கிழமைக்கு மேல் எடுப்பவர் டொக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் போடுகிற வழமையான ஊசிகளில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். வராத ஆள், கொப்புளிப்பான்காரரோடு பழகிவிட்டேன் என்று இப்போதுதான் தெரிந்தால், மூன்று நாளுக்குள், தவறினால் ஐந்து நாளுக்குள், இதே ஊசியைப் போட்டாலும் தடுக்கலாம் அல்லது வேகத்தைக் குறைக்கலாம்.

எனக்கு ஆன செலவு முதலில் இரத்தப் பரிசோதனைக்குத்தான். வரிசெல்லா ஐ.ஜி.ஜி என்று கேட்டுச் செய்யவேண்டும், இந்த வைரஸுக்கான பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. மறுமொழி நெகட்டிவ். 33 வருடம் வன்னிப் பிள்ளைகளின் இருமலுக்கும் தும்மலுக்கும் முன்னால் நின்ற ரீச்சருக்கு! அந்தக் கடதாசியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்தேன், பிறகு பயம் வந்தது. பெறாமகள் காசு அனுப்பியது அக்கி ஊசிக்கு. நான் போடப்போவது கொப்புளிப்பான் ஊசி, வருகிற கிழமை முதலாவது. உள்ளே படுத்திருக்க ஒன்றுமே இல்லாத ஆளுக்கு எழும்பப் போகிறது எது? சந்தேகமான எல்லோரும் பரிசோதனை செய்யத்தான் வேண்டுமா என்றால், கொப்புளத்தை அம்மாவைப் போலத் தெளிவாகச் சொல்லக்கூடியவருக்குத் தேவையில்லை. "எதோ ஒரு அம்மாள்" என்பவருக்குத் தேவை.

அத்தானுக்கு ஷிங்ரிக்ஸ், அதுவும் மூவரில் முதலாவதாக. வயது மட்டும் காரணம் இல்லை. 15 வருடமாகச் சீனி, போன வருடத்தில் இருந்து கிரியற்றினின் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டுகிற இரத்த அளவு) ஏறுகிறது. வவுனியாப் பக்கத்தில் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் எத்தனை விவசாயிகளை எடுத்தது என்று அவருக்குத் தெரியும், கிணற்றுத் தண்ணியைப் பழி சொல்லுவார், சீனியைச் சொல்ல மாட்டார். விஷயம் என்னவென்றால், அசைக்குளோவிர் சிறுநீரகத்தால் வெளியேறுகிற மருந்து. சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த 800 மில்லிகிராம் கணக்கை அப்படியே கொடுத்தால் மருந்து தேங்கி, சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும், ஆளுக்குப் புத்தி தடுமாறும். அளவைக் குறைத்துத்தான் கொடுக்கவேண்டும். பாமசியில் வாங்கிச் சுயமாக விழுங்குகிற வீட்டில் அதை யார் பார்ப்பது? "வந்தால் பார்ப்போம்" என்ற வழி அத்தானுக்கு மற்றவர்களைவிட ஒடுக்கம். வராமல் தடுப்பதுதான் அவருக்கு லேசு.

அம்மாவுக்கும் உண்மையில் அதே ஊசிதான் சரி. 82 வயதில் அக்கி வந்தால் நோ தங்குகிற வாய்ப்பு எங்கள் மூவரிலும் அவவுக்குத்தான் கூட. என் மனம் ஊசிப் பக்கம். அம்மாவின் மனம் இல்லை. "இந்த வயசில நான் ஒரு ஊசிக்காக ஊர் ஊராத் திரியேலாது. இரண்டு முறை வேற. வாறது வரட்டும்." மூன்று நாள் வாதாடிவிட்டு விட்டேன். அவவின் உடம்பு, அவவின் முடிவு. ஆனால் "வாறது வரட்டும்" என்பதை 72 மணித்தியாலத் திட்டமாக மாற்றிவிட்டேன். கிளினிக் கொப்பி இருக்கிற தட்டுக்கு மேலே ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது: ஒரு பக்கமாக மட்டும் எரிவோ நோவோ வந்தால் தினமும் சட்டையைத் தூக்கித் தோலைப் பார், ஒரு கொப்புளம் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, நெற்றியிலோ கண்ணோரமோ மூக்கு நுனியிலோ வந்தால் இரவென்றாலும் ஓட்டோ பிடி. மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் கண்ணுக்குள்ளும் போகப்போகிறது என்பதற்கு அடையாளம். பார்வை போகலாம். அடுத்த வீட்டு மருமகள் கர்ப்பிணி, கொப்புளிப்பான் வந்ததா என்று அவளுக்கே தெரியாது. அம்மாவுக்கு ஏதும் வந்தால் கொப்புளத்தைத் துணியால் மூடி, காயும்வரை அவள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பதும் கடதாசியில் இருக்கிறது.

மிச்சம் இருந்தது, அத்தானுக்கு எங்கே போடுவது. கனடாவில் இருந்து யாராவது வரும்போது பெட்டிக்குள் கொண்டுவரலாமா என்று அத்தானே கேட்டார். கூடவே கூடாது. இரண்டு முதல் எட்டுப் பாகை செல்சியஸுக்குள் இருக்கவேண்டும், விமானப் பெட்டிக்குள் உறைந்தாலும் குப்பை, கட்டுநாயக்கா வெயிலில் காய்ந்தாலும் குப்பை. கொழும்பில் தனியாரிடம் கேட்கிறவர்கள் முதல் ஊசி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டாவதையும் எனக்கென்று எடுத்து வைப்பீர்களா, இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறவேண்டும். ஆறு மாதம் தாண்டினால் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, இரண்டாவதைப் போட்டால் சரி. ஆனால் தாண்டவிட்டால் பிறகு யாரும் போடுவதில்லை என்பது எனக்குத் தெரிந்த சனத்தை வைத்துச் சொல்வது. இந்தியாவில் இந்த ஊசி 2023இல் விற்பனைக்கு வந்தது. பலாலியில் இருந்து சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். செலவு கூட. ஆனால் அத்தானின் பாஸ்போட் கனடாவுக்கு எடுத்து வைத்தபடி ஒரு முத்திரையும் இல்லாமல் கிடக்கிறது. எங்கே போட்டாலும் அன்றைக்கே திரும்பி வரக்கூடாது. கை நோவும் காய்ச்சலும் இரவுப் பயணத்தில் வந்தால் அடுத்த முறைக்கு ஆள் வராது.

நாட்காட்டியை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். புரட்டாதியில் முதலாவது, காலபோக விதைப்புக்கு முதல் வந்துவிடலாம். இரண்டாவதைத் தைப்பொங்கல் கழித்து வைப்போமா என்று கேட்டேன். அருவி வெட்டு தொடங்கிவிடும், யார் போவது என்றார். பிறகு நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பி, விரலால் கீழே கீழே தேடினார்.

"மார்கழியில வயலில தண்ணி நிக்கும், எனக்கு வேலை இல்லை. ரெண்டாவதைத் திருவாதிரையோட வை, மச்சாள். ஊசியைப் போட்டிட்டு நான் சிதம்பரம் போட்டு வாறன்."